நாமே வெட்டிய தாதுவுக்கும் விலை உண்டு

வாசகர் கேள்வி – பதில்

ஆன்லைன் ரோல்பிளேயிங் விளையாட்டுகள் குறித்து இம்முறை வந்த கடிதங்களில் சண்டையைப் பற்றிய கேள்விகள் மிகக் குறைவு. சுரங்கம் வெட்டுதல், மூலிகை பறித்தல், மரம் வெட்டுதல் போன்ற சேகரிப்புத் திறன்களையும், அவற்றில் கிடைக்கும் பொருளைக் கொண்டு ஆயுதமும் கவசமும் செய்யும் கைத்தொழில் திறன்களையும் வளர்ப்பது எப்படி என்றே பலரும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால், சில பதில்கள் வழக்கத்தைவிட நீளமாக அமைந்துவிட்டன.

கேள்வி: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாடுகிறேன். பிறரிடம் எதையும் வாங்குவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு, வேண்டிய தாதுவை நானே வெட்டி, நானே உருக்கி, எஃகுப் பொருள்களாக அடிக்கிறேன். சுரங்கத் திறன் 59-ஐத் தொட்டுவிட்டது. கொல்லர் திறனோ 50-இல்தான் நிற்கிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: உங்களிடம் தவறு எதுவும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு எண்களும் கணக்குப்படி எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருக்கின்றன. அதைப் போட்டுக் காட்டுகிறேன். ஓர் எஃகுக் கட்டிக்கு ஓர் இரும்புத் தாதுவும் இரண்டு நிலக்கரியும் தேவை. இரும்பை வெட்டினால் 35 அனுபவப் புள்ளிகள், நிலக்கரி ஒவ்வொன்றுக்கும் 50 புள்ளிகள். ஆக, ஒரு கட்டிக்கான மூலப்பொருளை வெட்டி முடிக்கும்போதே சுரங்கத் திறனில் 135 புள்ளிகள் சேர்ந்துவிடுகின்றன. அந்த மூன்றையும் உலையில் இட்டு உருக்கினால் கொல்லர் திறனுக்குக் கிடைப்பது 17.5 புள்ளிகள், கட்டியைப் பட்டடையில் வைத்து அடித்தால் 37.5 புள்ளிகள். இரண்டும் சேர்ந்து 55. ஒரே கட்டியில் கத்தி செய்தாலும் சரி, ஐந்து கட்டிகளை விழுங்கும் மார்புக் கவசம் செய்தாலும் சரி, கட்டிக்கு 37.5 என்ற கணக்கு மாறுவதில்லை. அதாவது, கொல்லர் திறனுக்கு நீங்கள் ஒரு பங்கு சேர்க்கும்போதெல்லாம் சுரங்கத் திறனுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு சேர்த்துக்கொண்டே வருகிறீர்கள். இந்த விளையாட்டின் அட்டவணையில் 50-ஆம் லெவலுக்கு 1,01,333 புள்ளிகளும், 59-ஆம் லெவலுக்கு 2,47,886 புள்ளிகளும் வேண்டும். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். அதே இரண்டரை மடங்குதான் வரும்.

எஃகுக்கு முன்பு செய்த வெண்கலத்துக்கும் இரும்புக்கும் விகிதம் சற்று வேறு. இரும்புத் தாதுவைச் சாதாரண உலையில் உருக்கும்போது சரிபாதி வீணாகிவிடும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும், எஃகு உருக்கத் தகுதி தரும் 30-ஆம் லெவலுக்கு மொத்தமே 13,363 புள்ளிகள்தான் தேவை என்பதால், அந்தத் தொடக்கக் காலம் உங்கள் மொத்தக் கணக்கை அதிகம் அசைக்கவில்லை.

இனி நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். கொல்லர் திறன் 50 ஆகிவிட்டதால் நீங்கள் இப்போது மித்ரில் என்ற கற்பனை உலோகத்தை உருக்கலாம். மித்ரில் கட்டி ஒன்றுக்கு ஒரு தாதுவும் நான்கு நிலக்கரியும் வேண்டும். வெட்டுவதில் 280 புள்ளிகள், உருக்கி அடிப்பதில் 80 புள்ளிகள். இரண்டரை மடங்காக இருந்தது மூன்றரை மடங்காகிறது. இந்த விளையாட்டில் ஏறத்தாழ ஏழு லெவலுக்கு ஒரு முறை தேவைப்படும் மொத்தப் புள்ளி இரட்டிப்பாகும் என்பதால், உங்கள் இரு திறன்களுக்கும் இடையே இப்போதுள்ள ஒன்பது லெவல் இடைவெளி பன்னிரண்டு, பதின்மூன்றை நோக்கி விரியுமே தவிரச் சுருங்காது.

சுருக்க வேண்டுமானால் நிலக்கரியின் அளவைக் குறைக்க வேண்டும். கெல்டாக்ரிம் நகரத்தின் ஊதுலைக்குச் சென்றால் எல்லா உலோகத்துக்கும் பாதி நிலக்கரி போதும். எஃகுக்கு ஒன்று, மித்ரிலுக்கு இரண்டு. அந்த ஊருக்குள் நுழைவதற்கான தேடல் பயணத்தை நீங்கள் தொடங்கியிருக்க வேண்டும். கொல்லர் திறன் 60-ஐ எட்டும்வரை மேற்பார்வையாளருக்குப் பத்து நிமிடத்துக்கு 2,500 காசு கொடுக்கவும் வேண்டும். அந்தச் செலவு தகும் என்பது என் கருத்து. உங்கள் பையில் 28 இடங்கள்தான் உள்ளன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண உலைக்கு ஒரு நடையில் 9 இரும்பும் 18 நிலக்கரியும் எடுத்துச் சென்றால் கிடைப்பது ஒன்பதே கட்டிகள். இரண்டு மார்புக் கவசத்துக்கு ஒரு கட்டி குறையும். அந்த ஒரு கட்டிக்காக மறுபடியும் வங்கிக்கு நடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அதே விளையாட்டில், வெட்டிய இரும்புத் தாதுவை வங்கிக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே கீழே போட்டுவிடச் சொல்கிறார்கள். உழைத்து எடுத்ததைக் கீழே போட மனம் ஒப்பவில்லை. இது சரியான அறிவுரைதானா?

பதில்: சுரங்கத் திறனை மட்டும் விரைவாக உயர்த்துவதே நோக்கம் என்றால் சரியான அறிவுரைதான். மூன்று இரும்புப் பாறைகளுக்கு நடுவே, நகராமலே மூன்றையும் எட்டக்கூடிய இடம் ஒன்றில் நின்றுகொள்கிறீர்கள். முதல் பாறை, இரண்டாவது, மூன்றாவது என்று வெட்டி முடிப்பதற்குள் முதல் பாறையில் தாது மீண்டும் ஊறிவிடுகிறது. கை நிற்பதே இல்லை. பை நிறைந்தால் 28 தாதுக்கள், 980 புள்ளிகள். இப்போது வங்கிக்குப் போய்வர ஆகும் நேரத்தை அளந்து பாருங்கள். பையை நிரப்ப ஆன நேரமும் நடந்து திரும்பும் நேரமும் சமமாக இருந்தால், மணிக்குக் கிடைக்கும் புள்ளி சரிபாதியாகிவிடும். நிலக்கரி 50 புள்ளிகள் தருகிறதே என்று அதன் பக்கம் போகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்: நிலக்கரிப் பாறை மெதுவாக உடைகிறது, மெதுவாகவே மீள்கிறது. ஆகையால் 15-ஆம் லெவலில் திறக்கும் இரும்பே வெகுதூரம்வரை வேகமான வழியாக இருக்கிறது.

ஆனால் முந்தைய கேள்வியின் வாசகரைப் போல எல்லாவற்றையும் தாமே செய்துகொள்பவர் என்றால் ஒரு தாதுவையும் கீழே போடாதீர்கள். நீங்கள் நடந்து கழிக்கும் நேரமே அந்தத் தாதுவின் விலை. வேறெங்கும் வாங்க வழியில்லாதவருக்கு அந்த விலை கட்டுப்படியாகும்.

கேள்வி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் கொல்லர் தொழில் கற்கிறேன். பச்சை நிறத்தில் தெரியும் ஒரு செய்முறைக்கு மூலப்பொருள் மலிவாக இருக்கிறது. அதையே திரும்பத் திரும்பச் செய்கிறேன். முதலில் நன்றாக ஏறிய திறன் இப்போது அசையவே மறுக்கிறது. எத்தனை செய்தால் அடுத்த புள்ளி ஏறும் என்று ஏதாவது கணக்கு உண்டா?

பதில்: உண்டு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தப் பகுதியில் நான் சொல்லக்கூடியவற்றில் உங்கள் மூலப்பொருளை மிச்சப்படுத்தக்கூடியது இதுவே.

ஆரஞ்சு நிறச் செய்முறையைச் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி உறுதி. மஞ்சளில் பெரும்பாலும் கிடைக்கும். பச்சையில் எப்போதாவது கிடைக்கும். சாம்பல் நிறத்தில் கிடைக்கவே கிடைக்காது. உங்கள் திறன் ஏற ஏற ஒரே செய்முறை இந்த வரிசையில் நிறம் மாறும். இந்த நிறங்களுக்கு அடியில் ஒரே சீராக இறங்கும் வாய்ப்பு விகிதம் ஒன்று இருக்கிறது. செய்முறை சாம்பலாகும் எண்ணிலிருந்து உங்கள் இப்போதைய திறனைக் கழியுங்கள். அதை, சாம்பலாகும் எண்ணுக்கும் மஞ்சளாகும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். கிடைப்பதே அடுத்த முயற்சியில் புள்ளி ஏறும் வாய்ப்பு.

ஒரு செய்முறை 100-இல் மஞ்சளாகி 140-இல் சாம்பலாகிறது என்று வைத்துக்கொள்வோம். திறன் 130-இல் இருக்கும்போது 140-இலிருந்து 130-ஐக் கழித்தால் 10. அதை 40-ஆல் வகுத்தால் நான்கில் ஒரு வாய்ப்பு. எனவே ஒரு புள்ளிக்குச் சராசரியாக நான்கு பொருள்கள் செய்ய வேண்டியிருக்கும். இப்படி ஒவ்வொரு படிக்கும் கணக்கிட்டுக் கூட்டினால், 100-இலிருந்து 110-க்குப் போகச் சராசரியாகப் பதினொரு பொருள்கள் போதும். 110-இலிருந்து 120-க்குப் பதினாறு. 120-இலிருந்து 130-க்கு இருபத்தேழு. கடைசிப் பத்துப் புள்ளிகளுக்கு, அதாவது 130-இலிருந்து 140-க்கு, நூற்றுப் பதினேழு. பத்துப் புள்ளிகள் என்ற அளவு ஒன்றே. முதல் பத்துக்குப் பதினொன்று போதுமானதாக இருக்க, கடைசிப் பத்துக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் பொருளைக் கொட்ட வேண்டியிருக்கிறது. அதிலும் 139-இலிருந்து 140-க்குப் போகும் அந்த ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் சராசரியாக நாற்பது பொருள்கள் செய்தாக வேண்டும். உங்கள் திறன் அசைய மறுக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தச் சரிவின் கடைசிப் பகுதியைத்தான்.

ஆகவே, மலிவு என்பதை ஒரு பொருளுக்கான செலவை வைத்து முடிவு செய்யாமல், ஒரு புள்ளிக்கான செலவை வைத்து முடிவு செய்யுங்கள். மூன்று கட்டிகள் கேட்கும் பச்சைச் செய்முறை நான்கில் ஒரு வாய்ப்புத் தருகிறது என்றால், ஒரு புள்ளிக்குப் பன்னிரண்டு கட்டிகள் ஆகின்றன. எட்டுக் கட்டிகள் கேட்கும் ஆரஞ்சுச் செய்முறை அதைவிட மலிவு. பயிற்சியாளரிடம் புதிய செய்முறை வாங்கக் காசு செலவாகிறதே என்று தயங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுவிட்டால் தயங்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். கிளாசிக்கில் தொழில் திறனுக்கு 75, 150, 225, 300 என்று உச்ச வரம்புகள் உண்டு. அடுத்த படியைப் பயிற்சியாளரிடம் கற்காமல் வரம்பைத் தொட்டுவிட்டால், ஆரஞ்சு நிறச் செய்முறையைச் செய்தாலும் திறன் ஏறாது. வரம்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கைத்தொழில்களில் 50, 125, 200 ஆகிய புள்ளிகளிலேயே, கதாபாத்திரத்தின் லெவலும் போதுமானதாக இருந்தால், அடுத்த படியைக் கற்றுக்கொள்ளலாம். நீண்ட சேகரிப்புப் பயணத்துக்குக் கிளம்பும்முன் இதைச் சரிபார்ப்பது நல்லது. சுரங்கத் திறன் 75-இல் நின்றுபோயிருப்பதைக் கவனிக்காமல் ஒரு மாலை முழுவதும் செம்பு வெட்டிய ஒருவரின் கடிதமும் இந்தக் கட்டில் இருக்கிறது.

கேள்வி: அந்த விளையாட்டில் இரண்டு முதன்மைத் தொழில்கள்தான் எடுக்க முடிகிறது. முதல் கதாபாத்திரத்துக்கு எந்த இரண்டு?

பதில்: இரண்டுமே சேகரிப்பாக இருக்கட்டும். கைத்தொழில் பணத்தைத் தின்னும், சேகரிப்பு பணத்தைக் கொடுக்கும். புதியவரிடம் பணம் இருக்காது. கிளாசிக்கில், தாதுவோ மூலிகையோ இருக்கும் இடத்தைச் சிறு வரைபடத்தில் காட்டும் தேடல்களில் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே இயக்க முடியும் என்பதால், சுரங்கமும் மூலிகையும் சேர்த்து எடுத்தவர் இரண்டுக்கும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருப்பார். தோல் உரிக்கும் தொழிலுக்கு அந்தத் தேடலே வேண்டாம். நீங்கள் வீழ்த்திய விலங்கு உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. எனவே தோல் உரித்தலுடன் சுரங்கமோ மூலிகையோ ஒன்று. பின்னாளில் ஒன்றைக் கைவிட்டுக் கைத்தொழில் எடுக்கும்போது, கைவிட்ட திறன் முழுவதும் அழிந்துவிடும் என்பதை அறிந்தே செய்யுங்கள்.

கேள்வி: நான் பயன்படுத்தும் மூலப்பொருள் அனைத்தும் நானே சேகரித்தவை. ஆகவே எனக்குச் செலவே இல்லை. செய்த பொருளை என்ன விலைக்கு விற்றாலும் இலாபம்தான் என்கிறேன். என் நண்பர் மறுக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. 2003-இல் தொடங்கிய ஈவ் ஆன்லைன் விளையாட்டில், விண்கற்களைத் தோண்டும் புதியவர்கள் ‘நானே தோண்டிய கனிமம் எனக்கு இலவசம்’ என்று சொல்வதும், பழகியவர்கள் அதைத் திருத்துவதும் அன்றுமுதல் நடந்துவருகின்றன. நீங்கள் வெட்டிய தாதுவைச் சந்தையில் அப்படியே விற்றால் என்ன கிடைக்குமோ அதுதான் அதன் விலை. அதை வாளாக மாற்றும்போது அந்த விலையைச் செலவழித்துவிடுகிறீர்கள். காசு கைமாறாததால் செலவு கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பத்துக் கட்டிகளில் ஒரு வாள் செய்கிறீர்கள். கட்டி ஒன்று சந்தையில் 12 காசுக்குப் போகிறது. வாள் 100 காசுக்குப் போகிறது. கட்டியாகவே விற்றிருந்தால் 120. வாளாக விற்றபோது முதலுக்கே மோசமாகி 20 காசு போய்விட்டது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஏலக்கூடம் போல விற்பனையில் நூற்றுக்கு ஐந்து பிடித்துக்கொள்ளும் இடமாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

அந்த 20 காசை நான் வீண் என்று சொல்லவில்லை. அது நீங்கள் அனுபவப் புள்ளிக்குக் கொடுத்த விலை. வாள் செய்ததில் 40 புள்ளிகள் கிடைத்தால், புள்ளி ஒன்றுக்கு அரைக் காசு. அதே பட்டடையில் மூன்று கட்டிகளில் ஒரு கொக்கி செய்து 30 காசுக்கு விற்று 20 புள்ளிகள் பெற முடியும் என்றால், 6 காசு இழப்புக்கு 20 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு 0.3 காசு. ஒரு முறை செய்வதில் வாள் அதிகப் புள்ளிகள் தந்தாலும், கொக்கியே மலிவான ஏணி. நான் புதிதாக எந்த விளையாட்டைத் தொடங்கினாலும், கைத்தொழிலைத் தொடும் முன் ஒரு தாளில் ஐந்தாறு செய்முறைகளுக்கு இந்த ஒரே வகுத்தலைப் போட்டுப் பார்த்துவிடுகிறேன். பத்து நிமிட வேலை. பல வாரச் சேகரிப்பை மிச்சப்படுத்துகிறது.

செய்த பொருள் மூலப்பொருளைவிட மலிவாக விற்பது ஏன் என்று நீங்கள் கேட்கக்கூடும். திறனை உயர்த்துகிற எல்லோரும் ஒரே பொருளைச் செய்து சந்தையில் குவிப்பதே காரணம். கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான் அது. தொடக்க நிலை வாளை வாங்கி அணிய ஆளே இல்லாத சந்தையில், அதைச் செய்வதற்கான செம்பை வாங்க மட்டும் எப்போதும் ஆள் இருக்கிறார்கள். அதனால் சேகரிப்பாளருக்கு விலை கிடைக்கிறது. கற்றுக்கொள்ளும் கைவினைஞருக்குக் கிடைப்பதில்லை.

கேள்வி: ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் எல்லாத் தொழில்களையும் ஒரே கதாபாத்திரம் கற்கலாம் என்கிறார்கள். தச்சு வேலையை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாமா, எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றலாமா?

பதில்: சேர்த்தே ஏற்றுங்கள். எட்டுக் கைத்தொழில்களும் மூன்று சேகரிப்புத் தொழில்களும் அதில் உள்ளன. கைத்தொழில்கள் எட்டும் ஒன்றையொன்று சார்ந்தே கட்டப்பட்டிருக்கின்றன. கவசம் செய்பவருக்குத் தோல் பதனிடுபவரின் தோல் வேண்டும். ஈட்டி செய்பவருக்குத் தச்சரின் மரம் வேண்டும். எல்லோருக்கும் யாரோ ஒருவர் உருக்கிய உலோகம் வேண்டும். தச்சை மட்டும் உச்சிக்குக் கொண்டுபோனால், நடுவழியில் பிற தொழில்களின் பாகங்களை ஒவ்வொன்றாகச் சந்தையில் விலைக்கு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். ஐந்து லெவலுக்கு ஒரு முறை நின்று மற்ற ஏழையும் அந்த உயரத்துக்குக் கொண்டுவருவது நல்ல ஒழுங்கு. தொடக்கத்தில் தொழில்சங்கப் பணிகள் ஐந்து லெவலுக்கு ஒன்றாக வருவதும் இதற்குப் பொருந்துகிறது. சுரங்கத்தையும் தாவரச் சேகரிப்பையும் எப்போதும் கைத்தொழிலுக்குச் சில லெவல்கள் முன்னால் வைத்திருங்கள், மீன்பிடித்தல் காத்திருக்கலாம்.

புள்ளி எங்கே கிடைக்கிறது என்பதில்தான் இந்த விளையாட்டு மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. ஒரே பொருளை நூறு முறை செய்பவரைவிட, கேட்ட பொருளைக் கேட்ட இடத்தில் கொடுப்பவர் விரைவாக ஏறுகிறார். லீவ் எனப்படும் ஒப்பந்தப் பணிகளுக்கான அனுமதி 12 மணி நேரத்துக்கு ஒரு முறை சேர்ந்துகொண்டே வந்து 100-இல் நின்றுவிடும். உயர்தரப் பொருளைக் கொடுத்தால் பரிசு இரட்டிப்பாகும். எனவே 100-இல் நிற்கவிடுவதும், சாதாரணத் தரத்தைக் கொடுத்து அனுமதியைக் கழிப்பதும் ஒன்றுபோலவே நட்டம். படைப்பிரிவின் தினசரித் தேவைப் பட்டியலை நாள்தோறும் பாருங்கள். அங்கே ஒரே ஒரு பொருள் கொடுத்துப் பெறும் புள்ளிகள், அதே பொருளைச் செய்ததில் கிடைத்ததைவிட மிக அதிகம். மேலும், ஒரு செய்முறையை முதன்முறையாகச் செய்யும்போது கூடுதல் புள்ளிகள் உண்டு. பட்டியலில் செய்யாமல் விட்ட பழைய சிறுபொருள்களையும் ஒவ்வொரு முறை செய்து முடித்துவிடுங்கள். கில்டு வார்ஸ் 2-இலும் இதே இயல்பு இருக்கிறது: தெரிந்த செய்முறையைத் திரும்பச் செய்வதைவிடப் புதிய சேர்க்கையைக் கண்டுபிடிப்பதற்கே அதிகப் புள்ளிகள்.

கேள்வி: எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் கத்தி கத்தியாகச் செய்து கடைக்காரரிடம் விற்றுவிடுகிறேன். திறன் மெதுவாகத்தான் ஏறுகிறது. விரைவுபடுத்த முடியுமா?

பதில்: விற்பதை நிறுத்திவிட்டு உடைக்கத் தொடங்குங்கள். அந்த விளையாட்டில் பொருளைச் செய்வதைவிட, கிடைத்த ஆயுதங்களையும் கவசங்களையும் பட்டறையில் பிரித்தெடுப்பதே திறனை வேகமாக உயர்த்தும். அதிலும் நீங்கள் செய்ததை நீங்களே பிரிப்பதைவிட இன்னொரு வீரர் செய்ததைப் பிரித்தால் புள்ளிகள் அதிகம். ஆகையால் ஒத்த நிலையில் உள்ள நண்பர் ஒருவருடன் பேசிவைத்து, இருவரும் செய்ததைப் பரிமாறிக்கொண்டு உடைப்பது பழைய வழக்கம். பிரித்தால் மூலப்பொருளில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கிறது.

அதைவிட அவசரமான வேலை ஒன்றும் உண்டு. பொருள்களின் சிறப்புத் தன்மைகளை ஆராய்வதற்கு அங்கே உண்மையான கடிகார நேரம் ஆகும். ஒரு வகை ஆயுதத்தின் முதல் தன்மைக்கு 6 மணி நேரம், இரண்டாவதற்கு 12, மூன்றாவதற்கு 24 என்று ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகி, எட்டாவது தன்மைக்கு 32 நாள் ஆகிறது. எட்டையும் கூட்டினால் 64 நாளுக்குக் கால் நாள்தான் குறைவு. திறன் வளர வளர இந்த நேரத்தைக் குறைத்துக்கொள்ள வழியுண்டு என்றாலும், எவ்வளவு செல்வம் இருந்தாலும் தாமதமாகத் தொடங்கியவர் முன்கூட்டித் தொடங்கியவரை எளிதில் எட்ட முடியாது. இந்தக் கடிதத்தைப் படிக்கும் இன்றே, விளையாட நேரமில்லாவிட்டாலும், ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்துவிட்டு வெளியேறுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போகிறவன் நான். இரவில் தானாக மரம் வெட்டும் நிரல் ஒன்றை ஓடவிட்டுத் தூங்கினால் என்ன?

பதில்: வேண்டாம். இந்த விளையாட்டுகளின் விதிமுறைகள் அதைத் தடைசெய்கின்றன. பிடிபட்டால் பல ஆண்டு உழைத்த கணக்கு முழுவதும் போய்விடும். அதைவிட என்னை வருத்துவது, அந்த நிரல்கள் இரவெல்லாம் வெட்டிக் குவிக்கும் மரம் சந்தையில் கொட்டி, ஒரு மணி நேரமே விளையாடக் கிடைக்கும் உங்களைப் போன்ற உழைப்பாளியின் மரத்துக்கு விலையில்லாமல் செய்துவிடுவதுதான். நேரம் குறைவாக உள்ளவருக்கு ஏற்ற நேர்மையான வழிகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு ஒரு முறை செய்யும் பணிகளையும் கடிகாரத்தில் ஓடும் ஆராய்ச்சியையும் முதல் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் மீன்பிடித்தல் போன்ற அடிக்கடி அழுத்தத் தேவையில்லாத திறனை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டுக்கும் அது நல்லது. வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வேகமாக அழுத்தும் சுரங்க முறைகளைத் தொடர்ந்து மணிக்கணக்கில் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் மரம் வெட்டும் திறன் இப்போதுதான் 71 ஆனது. 99-க்கு இன்னும் 28 லெவல்தானே, பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். ‘நீ இன்னும் தொடங்கவே இல்லை’ என்கிறார் சக விளையாட்டாளர். உண்மையா?

பதில்: அவர் சொன்ன விதம் கடுமையாக இருந்தாலும் கணக்கு அவர் பக்கம்தான். 99-ஆம் லெவலுக்கு 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். 92-ஆம் லெவலுக்கு 65,17,253; அதுதான் சரிபாதி. 85-ஆம் லெவல் கால் பங்கு. 78-ஆம் லெவல் அரைக்கால். நீங்கள் நிற்கும் 71-ஆம் லெவல் 8,14,445 புள்ளிகள், அதாவது மாகாணி. மாகாணி, அரைக்கால், கால், அரை, முழுமை என்று நம் பழைய கணக்கு வாய்பாடு போகிற அதே வரிசையில், ஏழேழு லெவலாக இந்த ஏணி போகிறது. முதன்முதலில் இந்தப் பொருத்தத்தைக் கவனித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

இதைக் கேட்டு நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை; இலக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 99-ஐ மறந்துவிட்டு, அடுத்து எந்த லெவல் உங்களுக்குப் புதிதாக ஒன்றைத் திறந்துவிடுகிறதோ அதை மட்டும் பாருங்கள். மரம் வெட்டுதலில் அது 75. அங்கே மேஜிக் மரம் வெட்டும் தகுதி வருகிறது. அந்த மரம் கட்டை ஒன்றுக்கு 250 புள்ளிகள் தந்தாலும் மிக மெதுவாக வெட்டுப்படும் என்பதால், அதைப் பணத்துக்காக வெட்டுங்கள், புள்ளிக்காக வேண்டாம். அதுவரை, இப்போது வெட்டுகிற யூ மரத்திலேயே தொடர விரும்பினால் கட்டைக்கு 175 புள்ளிகள். 75-ஆம் லெவலுக்கு உங்களுக்குக் குறைவது 3,95,976 புள்ளிகள். கட்டையாக எண்ணினால் 2,263. பைக்கு 28 வீதம் 81 நடை.